உடனுண்ணலும் வீடு திரும்பலும்: பாரிஸ்டர் கல்வி குறித்த நான்கு தன்வரலாற்றுப் பதிவுகள்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் சட்டம் பயின்று தாயகம் திரும்பிய இந்தியர்களின் தன்வரலாறுகளில், வீடு திரும்பும் பகுதி பெரும்பாலும் கல்விக்கும் பொதுவாழ்வுக்கும் இடைப்பட்ட ஒரு கடப்பாகவே வாசிக்கப்படுகிறது. காந்தியடிகள், ஜவஹர்லால் நேரு, கார்னிலியா சோராப்ஜி, அம்பேத்கர் ஆகிய நால்வரும் 1925 முதல் 1936 வரையிலான காலத்தில் எழுதிய பதிவுகளை ஒப்பிட்டு, அப்பகுதிக்கு உரிய முதன்மையை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இலண்டன் சட்டக் கல்வி உடனுண்ணலைத் தகுதியின் நிபந்தனையாகக் கொண்டிருந்தது. தாயகத்துச் சாதிச் சமூகமும் உடனுண்ணலையே உறுப்புரிமையின் அளவுகோலாகக் கொண்டிருந்தது. அங்கே கிடைத்த பந்தி இங்கே யாருக்குத் தொடர்ந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாவே இந்நான்கு பதிவுகளையும் வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: தன்வரலாறு, சட்டக் கல்வி, உடனுண்ணல், சாதி விலக்கு, வீடு திரும்பல், காந்தி, நேரு, சோராப்ஜி, அம்பேத்கர்

1. முன்னுரை

தன்வரலாற்று ஆய்வில் ‘புறப்பாடு’ பெற்ற கவனத்தைத் ‘திரும்பல்’ பெறவில்லை. கடல் கடந்து சென்றவர் எதைக் கண்டார், எவ்வாறு மாறினார் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. மாறியவரை வீடு எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. சட்டம் பயின்றவர் விஷயத்தில் இக்குறை கூடுதலாகப் புலப்படும். பாரிஸ்டர் பட்டம் நீதிமன்றத்தின் கதவைத் திறக்கும் உரிமை. எனவே திரும்பியவரின் கதை நீதிமன்றத்தில் தொடங்குவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்பட்டம் பெற்றவர்களே எழுதிய நூல்களோ நீதிமன்றத்திற்கு முன்னர் வேறு கதவுகளைக் காட்டுகின்றன.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பதிவுகள் நான்கு. காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்தது. சோராப்ஜியின் ‘இந்தியா காலிங்’ 1934இல் வெளியானது. நேருவின் தன்வரலாறு 1934 ஜூன் முதல் 1935 பிப்ரவரி வரை பெரும்பாலும் சிறையில் எழுதப்பட்டு 1936இல் வெளிவந்தது. அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ 1935–36 அளவில் எழுதப்பட்டுக் கையெழுத்துப்படியாகவே இருந்து 1990இல்தான் நூலுருப் பெற்றது. எழுதப்பட்ட காலத்தால் இவை அண்மையில் நிற்பவை. நோக்கத்தாலும் அளவாலும் பெரிதும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை மறைக்காமலே ஒப்பீடு இங்கு மேற்கொள்ளப்படுகிறது.

2. விருந்துண்டு பெற்ற தகுதி

இங்கிலாந்தில் பாரிஸ்டராக விரும்பியவர் இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் என்ற நான்கு ‘இன்’களுள் ஒன்றில் சேர வேண்டும். ‘இன்’ என்னும் சொல் விடுதி என்று பொருள்படும். சட்டம் பயில்வோர் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, மூத்தோரிடம் தொழில் பழகிய இடைக்கால மரபின் எச்சம் அது.

காந்தியடிகள் 1888 நவம்பரில் இன்னர் டெம்பிளில் சேர்ந்தபோது, அம்மரபின் உயிர் போய் உடல் மட்டும் எஞ்சியிருந்தது. பன்னிரண்டு பருவங்களை, அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை, நிறைவுசெய்வதும் தேர்வுகளில் தேறுவதுமே நிபந்தனைகள். பருவத்தை நிறைவுசெய்வது என்றால், அப்பருவத்தில் நடைபெறும் ஏறத்தாழ 24 விருந்துகளில் 6இலேனும் கலந்துகொள்வது. முன்னொரு காலத்தில் மாணவர் சிலரே இருந்ததால் மூத்தோரோடு உரையாடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது என்றும், தம் காலத்தில் மூத்தோர் தனி மேசையில் அமர்ந்தமையால் அவ்வழக்கம் பொருளிழந்தது என்றும் காந்தியடிகள் கருதுகிறார். பாரிஸ்டர்களைக் கேலியாக ‘விருந்து பாரிஸ்டர்’ என்று அழைத்ததையும் அவர் பதிவுசெய்கிறார்.

இந்த அங்கதத்தைக் கடந்து நோக்கினால், இப்பகுதியில் ஆய்வாளர் கருதத்தக்க ஒரு செய்தி உள்ளது. மது, மாமிசம், மாது ஆகியவற்றைத் தீண்டுவதில்லை எனத் தாயிடம் உறுதியளித்துச் சென்ற ஓர் இளைஞர், மதுவும் மாமிசமும் பரிமாறப்படும் மேசையில் அமர்வதையே கல்வித் தகுதியாகப் பெற வேண்டியிருந்தது. நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு புட்டி மது வழங்கப்பட்டதால், குடிக்காத அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ளப் பிறர் போட்டியிட்டனர். தொடக்கத்தில் ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவையே அவருக்கு ஏற்றவையாக இருந்தன. பின்னர் அவரும் சைவ உணவினரான பார்சி மாணவர் ஒருவரும் மூத்தோர் மேசைக்குரிய காய்கனிகளைத் தங்களுக்கும் வழங்குமாறு விண்ணப்பித்தனர். விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

சட்ட நூல்களைப் பற்றி எழுதியதைக் காட்டிலும் இச்சிறு நிகழ்வில் அவர் கற்ற சட்டம் தெளிவாகத் தெரிகிறது எனலாம். விலகாமலும் இணங்கிவிடாமலும் மேசையில் இருந்துகொண்டே தனக்குரியதைக் கேட்டுப் பெறும் முறை அது. அம்மேசை வேற்றவர் ஒருவரின் உணவு நெறிக்கு இடம் அளித்தது. தாயகத்துப் பந்தி அவ்வாறு இடம் அளித்ததா என்பதே அடுத்த வினா.

3. நாசிக் நீராடலும் மைத்துனர் வீட்டுத் தண்ணீரும்

1891 ஜூன் 10இல் பாரிஸ்டராக அழைக்கப்பட்ட காந்தியடிகள், மறுநாள் உயர்நீதிமன்றத்தில் பதிவுசெய்துகொண்டு 12ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பலேறினார். ‘சத்திய சோதனை’யின் முதற்பாகம் இவ்விடத்தில் முடிகிறது. ஆனால் அது வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. பட்டம் பெற்றாயிற்று, இனி என்ன என்ற தடுமாற்றமே அதன் இறுதி இயல்களை நிறைக்கிறது. ரோமானியச் சட்டத்தை இலத்தீனிலேயே படித்தவருக்கு இந்து, முகமதியச் சட்டங்கள் தெரியவில்லை. ஒரு வழக்குரையை எழுதவும் தெரியவில்லை. பாகப் பிரிப்பை இவ்விடத்தில் வைத்ததன் வழியாக, கல்வி முழுமையடையவில்லை என்பதை நூலின் கட்டமைப்பே உணர்த்துகிறது.

இரண்டாம் பாகம் பம்பாயில் கரையிறங்குவதோடு தொடங்குகிறது. தாயின் இறப்புச் செய்தியை அண்ணன் அப்போதுதான் தெரிவிக்கிறார். எந்தத் தாயிடம் அளித்த உறுதியால் இலண்டன் மேசையில் தனித்திருந்தாரோ, அந்த உறுதி காக்கப்பட்டதை அறிய அத்தாய் இல்லை. அவர் புறப்பட்டபோதே மோத் பனியா சாதியார் பம்பாயில் கூடி அவரைச் சாதி விலக்குச் செய்திருந்தனர். அவருக்கு உதவுவோருக்கும் வழியனுப்பச் செல்வோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் விதித்திருந்தனர். திரும்பியபின் அண்ணன் அவரை நாசிக்கிற்கு அழைத்துச் சென்று புனித நீராடச் செய்கிறார். ராஜ்கோட்டில் சாதியாருக்கு விருந்தளிக்கிறார். ஒரு பிரிவு ஏற்றுக்கொள்கிறது. மற்றொரு பிரிவு மறுக்கிறது.

இலண்டனில் விருந்துண்டு பெற்ற தகுதிக்கு ராஜ்கோட்டில் விருந்திட்டுக் கழுவாய் தேடும் இந்த எதிரிணை தற்செயலானதன்று. இரு சமூகங்களும் உறுப்புரிமையைப் பந்தியின் வாயிலாகவே உறுதிசெய்தன. மறுத்த பிரிவின் விதிப்படி, மாமனார் வீட்டிலும் சகோதரி வீட்டிலும் அவர் தண்ணீர்கூட அருந்த இயலாது. மறைவாக விதியை மீற உறவினர் அணியமாக இருந்தனர். வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவில் செய்வது தமக்கு ஒவ்வாது என அவர் மறுத்துவிட்டார். சாதியாரின் விதியை எதிர்க்கவுமில்லை, ஏமாற்றவுமில்லை. அதனாலேயே பின்னாளில் அவர்களின் அன்பையும் ஆதரவையும் பெற்றதாக அவர் கூறுகிறார்.

இவ்விளக்கத்தை இருவகையில் மதிப்பிட வேண்டும். தமது பிற்காலப் போராட்ட முறையின் வித்தை இந்நிகழ்வில் காண அவர் விரும்புகிறார் என்பது ஒன்று; தன்வரலாறுகளுக்கு இயல்பான பின்னோக்கு விளக்கம் இது. அவருக்கு எப்போதும் திறந்திருந்த ஒரு வீடு இருந்தது என்பது மற்றொன்று. அவ்வீட்டில் அண்ணனின் செலவில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் ஐரோப்பிய உடையும் புகுத்தப்பட்டதை அவரே எழுதுகிறார். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய்க்கு ஏற்ற முதல் வழக்கில் வாய் திறக்க முடியாமல் அமர்ந்துவிட்ட பின்னும், திரும்பிச் செல்ல ராஜ்கோட் இருந்தது. மறுக்கப்பட்ட தண்ணீரை அவர் அமைதியாக ஏற்க முடிந்ததற்கு, வேறு வீடுகளில் தண்ணீர் கிடைத்ததும் ஒரு காரணம்.

அவரது சட்டக் கல்வி பயன்கொண்ட இடம் வீட்டிற்கு வெளியே, தென்னாப்பிரிக்காவில் அமைந்தது. முதலாளியால் அடிக்கப்பட்டுப் பற்கள் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையில் ஏந்தி வந்து நின்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரம் குறித்த இயலைத் தமிழ் வாசகர் நன்கறிவர். வழக்கைத் தொடங்குமுன் அத்தலைப்பாகையை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறுவது, மூத்தோர் மேசையின் காய்கனிகளைக் கேட்டுப் பெற்ற அதே மாணவரின் செயலாகவே தோன்றுகிறது.

4. தந்தை கடந்த வாயில்

நேரு 1905இல் ஹாரோ பள்ளியில் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் 1910இல் பட்டம் பெற்று, பின் இரண்டாண்டுகள் இன்னர் டெம்பிளில் பயின்று 1912இல் பாரிஸ்டரானார். அவ்விரண்டு ஆண்டுகளைப் பெருமையோ சிறுமையோ இன்றித் தேறிய தேர்வுகளாகவும், வரவுக்கு மீறிய செலவுகளாகவும், தெளிவற்ற சோசலிச ஈடுபாடாகவும் அவர் சுருக்கிவிடுகிறார். திரும்பல் பகுதியிலும் மோதல் இல்லை. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் முதலில் ஆர்வமும் பிறகு சலிப்பும் ஏற்பட்டதாகவும், ஒரே மனிதர்களோடு ஒரே செய்திகளைப் பேசும் நாள்களாக அவை கழிந்ததாகவும் எழுதுகிறார்.

இச்சலிப்பு யாருக்கு வாய்க்கும் என்பதை அவரது நூலின் தொடக்கப் பகுதியே விளக்கிவிடுகிறது. காசுமீரப் பிராமணரான பிசன் நாராயண் தர் பாரிஸ்டராகித் திரும்பியபோது, பிராயச்சித்தம் செய்தும் வைதிகர்கள் அவரை விலக்கினர். சமூகம் இரண்டாகப் பிளந்தது. பின்னாளில் ஐரோப்பா சென்று திரும்பிய மோதிலால் நேரு, பெயரளவிலும் சடங்கு செய்ய மறுத்தார். எதிர்ப்பு எழுந்து, இறுதியில் பலர் அவர் பக்கம் சேர்ந்தனர். மகன் தம் திரும்பலில் எந்த வாயிலையும் காணாததற்குக் காரணம், அவ்வாயிலைத் தந்தை முன்பே கடந்திருந்தமை.

கிழக்கும் மேற்கும் கலந்த தம்மால் எங்கும் முழுமையாகப் பொருந்த இயலவில்லை என்று நேரு அந்நூலில் வருந்துவது பெரிதும் எடுத்தாளப்பட்ட பகுதி. அவ்வருத்தத்தின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அது உள்ளத்தின் வீடின்மை. ஆனந்த பவனத்தில் அமர்ந்து உணரக்கூடியது. இதே சொல்லால் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தையும் குறிக்க முற்படும் திறனாய்வு, இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரை இடுகிறது.

5. மேசையில்லாக் கல்வி

சோராப்ஜியின் நிலை இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. காந்தியடிகள் இன்னர் டெம்பிளில் விருந்துண்ட அதே ஆண்டுகளில், அவர் ஆக்ஸ்போர்டின் சாமர்வில்லில் சட்டம் பயின்றார். 1892இல் அங்கு சட்டப் பட்டத் தேர்வு எழுதிய முதல் பெண்ணானார். பெண்களுக்குப் பட்டம் வழங்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்தில் அப்போது இல்லை; அவருக்குப் பட்டம் கிடைத்தது 1922இல். பெண்களுக்கு ‘இன்’களின் கதவு 1919ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே திறந்தது. விருந்து மட்டும் இருந்து கல்வி மெலிந்த நிலை காந்தியடிகளுடையது எனில், கல்வி இருந்தும் மேசை இல்லாத நிலை சோராப்ஜியுடையது.

தாயகம் திரும்பிய அவருக்கு நீதிமன்றமும் மூடியிருந்தது. இந்தியாவில் பெண்கள் வழக்குரைஞராகச் செயல்பட 1923இல்தான் சட்டம் தெளிவாக வழிவகுத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் 1904 முதல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில் பணியாற்றி, திரைமறைவில் வாழ்ந்த பெண்களின் சொத்துரிமைச் சிக்கல்களைக் கவனித்தார். ஆண் வழக்குரைஞர் நுழைய இயலாத உள்வீட்டிற்குள் அவர் நுழைய முடிந்தது. பிறர் வீட்டிலிருந்து நீதிமன்றத்திற்குச் செல்ல, அவர் சட்டத்தை வீட்டிற்குள் கொண்டுசென்றார். ஆங்கிலேய ஆட்சியின்பால் அவர் கொண்டிருந்த பற்று பிற மூவரிடமிருந்தும் அவரைப் பிரிக்கிறது. எனினும், திரும்பி வருபவரை நீதிமன்றத்தின் வாயிலில் மட்டும் தேடக் கூடாது என்பதற்கு அவரது வாழ்வு வலுவான சான்று.

6. பரோடாவின் விடுதி

அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்; 1916இல் இலண்டனில் பொருளியல் கல்வியோடு கிரேஸ் இன்னில் சட்டக் கல்வியையும் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால், இரண்டையும் இடைநிறுத்தி 1917இல் திரும்பிப் பரோடா அரசுப் பணியில் சேர வேண்டியதாயிற்று. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் அவர் குறிக்கும் ஆண்டுகள் பிற ஆதாரங்களோடு முழுவதும் ஒத்துப்போவதில்லை. நினைவிலிருந்து எழுதப்பட்ட அக்குறிப்பில் நாள்கள் மங்கியிருக்க, மூடிய கதவுகள் மட்டும் துல்லியமாக நிற்கின்றன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த ஐந்தாண்டுகள், தாம் தீண்டப்படாதவர் என்ற உணர்வையே மனத்திலிருந்து துடைத்துவிட்டதாக அவர் எழுதுகிறார். அவ்வுணர்வு திரும்பும் இடம் பரோடா ரயில் நிலையம். அதை எழுப்பும் வினா, எங்கே தங்குவது என்பது. இந்து விடுதிகள் ஏற்கமாட்டா. அமெரிக்காவில் பயின்ற நண்பர்கள் சிலர் அவ்வூரில் இருந்தனர். ஆனால் தம் வீட்டில் ஒரு தீண்டப்படாதவரை ஏற்க அவர்கள் சங்கடப்படக்கூடும் என எண்ணி அவர்களிடம் செல்லவில்லை. அயல்நாட்டில் உண்டான தோழமை தாயகத்தின் வாசற்படியை அடையுமுன்பே நின்றுவிடுவதை, யார் மறுப்புமின்றி, அவரது தயக்கமே காட்டிவிடுகிறது. இந்நூலின் மிக நுட்பமான இடம் இதுவே.

பார்சி விடுதி ஒன்றில், பார்சிகளுக்குரிய சமய அடையாளங்கள் இல்லாததால் இனங்காணப்பட்டபின், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள், மாலைக்குள் வெளியேறுமாறு எச்சரிக்கின்றனர். இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் இடம் தர இயலாத நிலையைக் கூறிவிடுகின்றனர். இரவு ரயிலுக்கு நேரம் ஆகும்வரை காமாட்டி பாக் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டுப் பம்பாய் திரும்புகிறார். இலண்டனில் ‘இன்’ எனப்படும் அமைப்பில் உறுப்பினரான ஒருவருக்குப் பரோடாவில் விடுதி இல்லை.

இப்பகுதியில் கொலம்பியாவும் இலண்டன் பொருளியல் பள்ளியும் குறிக்கப்படுகின்றன. கிரேஸ் இன் பேசப்படவில்லை. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1922இல் பாரிஸ்டராகி, 1923இல் திரும்பிப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய வெற்றிக் கதையையும் அந்நூல் சொல்லவில்லை. பாரிஸ்டர் என்னும் தகுதி அதில் கூர்மையாக ஒலிப்பது 1929இல் சாலிஸ்காவ் நிகழ்ச்சியில்தான். அங்குள்ள குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுக்க, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, விபத்தில் அவருக்குக் கால் முறிகிறது. எளிய வண்டிக்காரர் ஒருவரும் பாரிஸ்டரான ஒரு தீண்டப்படாதவரைவிடத் தம்மை உயர்ந்தவராகக் கருத முடிவதை அப்போது உணர்ந்ததாக அவர் எழுதுகிறார். பட்டம் பெற்ற நாளில் வராத அப்பெயர், பட்டம் பயன்படாத நாளில் வருகிறது. தன்வரலாற்றின் வழக்கமான சாதனை வரிசையை அந்நூல் திட்டமிட்டே கைவிடுகிறது என்பதற்கு இது போதிய சான்று.

நூலின் தலைப்பும் இவ்வாறே பொருள்படுகிறது. விசா என்பது பிறநாட்டிற்குள் நுழைய அந்நாடு தரும் இசைவு. பிறநாடுகளுக்குள் சென்று வந்தவர், தம் நாட்டிற்குள் நுழைய இசைவு வேண்டிக் காத்திருப்பதாகத் தலைப்பு குறிப்பது, திரும்பல் என்ற கருத்தாக்கத்தையே வினாவுக்கு உட்படுத்துகிறது. வீடு இருப்பவரே வீடு திரும்ப முடியும்.

7. ஒப்பீட்டின் வரம்பு

ஆன்மிகத் தேடலை முன்னிறுத்தும் விரிந்த நூலையும், தீண்டாமையை அயல்நாட்டாருக்கு உணர்த்த எழுதப்பட்ட சில குறிப்புகளையும் ஒருங்கே வைப்பது பொருந்துமா என்ற தடை எழலாம். காந்தியடிகள் தம் முன்னுரையில் மோட்சத்தையே வாழ்வின் இலக்காகக் குறிக்கிறார். தமிழில் ‘வீடு’ என்ற சொல் இல்லத்தையும் அப்பேற்றையும் ஒருசேரக் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. இல்லமாகிய வீடு உறுதிப்பட்டவரின் தன்வரலாறு வீடுபேற்றை நோக்கி நகர்கிறது. அது உறுதிப்படாதவரின் பதிவு இல்லத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஆகவே வடிவ வேறுபாடு ஒப்பீட்டிற்குத் தடையன்று. அதுவே ஒப்பீட்டின் முடிவுகளுள் ஒன்று.

உடனுண்ணல் நிகழ்ந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் துணிபன்று. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர், உடனுண்ணல் சாதியைத் தகர்க்கப் போதாது என்றே வாதிட்டார். பந்தி இங்கு நோய்க்கு மருந்தாகக் கொள்ளப்படவில்லை. நோயைக் காட்டும் குறியாகவே கொள்ளப்பட்டது.

8. முடிவுரை

இலண்டன் ‘இன்’களின் மேசை, அயலவரான இந்திய மாணவரைச் சடங்களவிலேனும் உறுப்பினராக ஏற்றது, பெண்ணை நெடுங்காலம் ஏற்கவில்லை. தாயகத்துப் பந்தி காந்தியடிகளுக்குப் பாதி திறந்தது, நேருவுக்கு அவர் தந்தையின் போராட்டத்தால் முன்னரே திறந்திருந்தது, அம்பேத்கருக்குத் திறக்கவில்லை. ஒரே வகைக் கல்வி ஒன்றுக்கொன்று நிகரல்லாத திரும்பல்களை விளைவித்ததற்கு விடை, கல்வியில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது.

தன்வரலாறுகளைக் கல்வியால் உயர்ந்தோரின் சாதனைச் சான்றுகளாகப் பாடத்திட்டங்களில் வைக்கும்போது, திரும்பல் இயல்களே பெரும்பாலும் விடுபடுகின்றன. தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாக உயர்கல்வி பெற்று ஊர் திரும்பும் மாணவருக்கு, பட்டமளிப்பு நாளைக் காட்டிலும் பரோடா ரயில் நிலையத்து வினா நெருக்கமானதாக இருக்கக்கூடும். தமிழில் வெளிவந்துள்ள பயணம், புலம்பெயர்வு, தலித் தன்வரலாறு ஆகிய வகைமைகளை இவ்வாசலில் நிறுத்தி மீள்வாசிப்பது, தனி ஆய்வாக விரியத்தக்கது.